ஆழத்தில் உயிர்ப்பு: மீள்மூச்சுக் கருவி பற்றிய ஒரு வாதம்

தமிழில் 'உயிர்ப்பு' என்னும் சொல் மூச்சைக் குறிக்கும். உயிர் வேறு, மூச்சு வேறு என்று பிரித்துக் காணாத மக்களின் சொல் அது. நிலத்தில் வாழும் நமக்கு மூச்சு ஒரு பொருட்டாகத் தோன்றுவதில்லை. நீருக்குள் இறங்கிய மறுகணமே அதன் அருமை விளங்கிவிடுகிறது. நீருக்கடியில் நெடுநேரம் மூச்சுவிட வழியுண்டா என்னும் வினா மனிதனைப் பன்னெடுங்காலமாக ஈர்த்து வந்துள்ளது. அவ்வினாவுக்கு இன்றைய அறிவியல் தந்துள்ள விடைகளுள் ஒன்று, 'ரீபிரீதர்' என்று வழங்கப்பெறும் கருவி. விட்ட மூச்சையே தூய்மைப்படுத்தி மீண்டும் தருவதால் இதனை 'மீள்மூச்சுக் கருவி' என்று தமிழில் குறிக்கலாம். இக்கருவி மனிதனை மிக ஆழத்திற்கு அழைத்துச் செல்கிறது. பல உயிர்களைக் கொண்டும் சென்றிருக்கிறது. ஆகவே இது பாதுகாப்பானதா என்பது பற்றி உலகெங்கும் மூழ்குநரிடையே நீண்ட வாதம் நடந்து வருகிறது. அவ்வாதத்தின் இருபுறத்தையும் நம் கடற்கரையில் நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிச்சாவரத்தின் மூச்சு வேர்கள்

சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே பரந்து கிடக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. 2022ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற காடு இது. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயர் வரக் காரணமான தில்லை மரமும் இவ்வகைக் காட்டைச் சேர்ந்ததே.

இங்குள்ள வெண்கண்டல் மரத்தடியில் சேற்றைப் பிளந்து கொண்டு, எழுதுகோல்களை நட்டு வைத்தாற்போல் எண்ணற்ற வேர்கள் மேல்நோக்கி நிற்பதைப் பார்வையாளர்கள் கண்டிருப்பர். அவை மூச்சு வேர்கள். சேற்றில் காற்று இல்லை. ஆதலின் மரம் தன் வேரை வெளியே நீட்டி மூச்சுவிடுகிறது. நீர் ஏறி வேரை மூடியதும் வெளிக்காற்று தடைப்படுகிறது. வேரினுள் தங்கிய காற்றிலுள்ள ஆக்சிஜன் சிறிது சிறிதாகச் செலவாகிறது. வெளிப்படும் கரியமில வாயு நீரில் கரைந்து போகிறது. இதனால் வேரினுள் அழுத்தம் குறைகிறது. நீர் வடிந்து வேர்நுனி வெளிப்பட்டதும், அக்குறைந்த அழுத்தமே புதுக்காற்றை உள்ளே இழுத்துக் கொள்கிறது. ஷோலாண்டர் என்னும் உடலியல் அறிஞர் 1955இல் தம் துணைவருடன் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்கியது. முத்துக்குளிப்போரின் உடலில் இரத்த ஓட்டம் எவ்வாறு மாறுகிறது என்பதைப் பின்னாளில் ஆராய்ந்தவரும் இவரே.

இம்மரம் நமக்கு உணர்த்தும் உண்மைகள் மூன்று. இருக்கும் ஆக்சிஜனைச் செலவிட்டுக் காலம் தள்ளலாம். கரியமில வாயுவை அகற்றியாக வேண்டும். இவ்விரண்டுக்கும் ஓர் எல்லையுண்டு. நீர் வடியாமலே நின்றுவிட்டால் மரம் பட்டுப்போகும். மீள்மூச்சுக் கருவியின் முழுத் தத்துவமும் இம்மூன்றனுள் அடங்கிவிடுகிறது.

கல்லும் கயிறும்

மனிதன் கருவியின்றி மூழ்கிய வரலாற்றில் நம் கடற்கரைக்குத் தனியிடம் உண்டு. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தலும் சங்கு குளித்தலும் நூற்றாண்டுகள் பல கடந்த தொழில்கள். பரதவரும், கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் இத்தொழிலில் பெயர்பெற்றவர்கள். காலில் கல்லைக் கட்டி இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் மூச்சடக்கி, ஐந்து முதல் பத்துப் பாகம் வரையுள்ள ஆழத்தில் சிப்பி திரட்டிய குளியாளியின் உயிர், தோணியில் கயிறு பிடித்து நின்றவர் கையில் இருந்தது. அக்கயிற்றை மைத்துனனிடமே கொடுப்பர் என்றும், தன் உடன்பிறந்தாள் கைம்பெண்ணாகக் கூடாது என்று அவன் கண்ணிமைக்காமல் காப்பான் என்றும் செவிவழிச் செய்தி ஒன்று வழங்குகிறது. செய்தி எவ்வாறாயினும் அதன் உட்பொருள் தெளிவானது. மூழ்குபவன் தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத ஒரு கணம் வரும். அக்கணத்திற்கென்று மேலே ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. சங்கு குளித்தல் இன்றும் தொடர்கிறது.

உடல் அறிவதும் அறியாததும்

மூச்சடக்கியவனுக்கு ஒரு கட்டத்தில் 'இனி முடியாது' என்னும் தவிப்பு எழுகிறது. ஆக்சிஜன் குறைந்ததால் அத்தவிப்பு எழுவதாகவே நம்மில் பலரும் எண்ணுவர். அது சரியன்று. மூச்சைத் தூண்டுவது பெரும்பாலும் இரத்தத்தில் பெருகும் கரியமில வாயுவே என்பதை ஹால்டேன், பிரீஸ்ட்லி என்னும் அறிஞர் இருவர் 1905இல் நிறுவினர். ஆக்சிஜன் குறைவதை உடல் கூர்மையாக உணர்வதில்லை. கரியமில வாயு பெருகாமல் ஆக்சிஜன் மட்டும் குறையுமாயின், மனிதன் எந்தத் துன்பமும் இன்றி, சிலவேளை மகிழ்ச்சியோடும் கூட, நினைவிழந்து விடுவான்.

மூழ்குமுன் பலமுறை வேகமாக மூச்சு வாங்கிக் கொள்ளும் பழக்கம் இதனாலேயே கேடு பயக்கிறது. அது ஆக்சிஜனைப் பெரிதும் கூட்டுவதில்லை; கரியமில வாயுவைக் குறைத்து, உடலின் எச்சரிக்கை மணியை நிறுத்தி விடுகிறது. எச்சரிக்கை வருமுன்பே நினைவு போய்விடுகிறது. குளத்திலும் கிணற்றிலும் போட்டிக்காக மூச்சடக்கும் இளைஞர்கள் இதனை மனத்தில் இருத்த வேண்டும்.

திறந்த சுற்றும் மூடிய சுற்றும்

பிரெஞ்சு நாட்டுக் கூஸ்தோவும் கான்யானும் 1943இல் உருவாக்கிய கருவியின் வழிவந்ததே இன்றைய ஸ்கூபா. இதில் உருளையில் அடைத்த காற்றை மூழ்குநர் உள்ளிழுத்து, விட்ட மூச்சைக் குமிழிகளாக நீரில் கலந்துவிடுகிறார். இது 'திறந்த சுற்று' எனப்படும். எளிமையும் உறுதியும் இதன் சிறப்புகள். வீண்செலவு இதன் குறை. நாம் உள்ளிழுக்கும் காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு 21 பங்கு. வெளிவிடும் காற்றில் 16 அல்லது 17 பங்கு எஞ்சியிருக்கிறது. அவ்வளவும் குமிழியாய்ப் போகிறது.

ஆழம் கூடக்கூட இவ்வீண்செலவும் கூடும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் மிகுகிறது. 12 லிட்டர் உருளையில் 200 மடங்கு அழுத்தத்தில் 2400 லிட்டர் காற்று அடங்கும். நிமிடத்திற்கு 20 லிட்டர் மூச்சுவிடும் ஒருவருக்கு நீர்மட்டத்தில் அது 120 நிமிடம் வரும். 10 மீட்டரில் 60 நிமிடம். 30 மீட்டரில் 30 நிமிடம். 90 மீட்டரிலோ 12 நிமிடமே. ஆழத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் மதுவுண்டாற் போன்ற மயக்கத்தைத் தரும். ஆகவே பொழுதுபோக்காக மூழ்குவோர்க்கு 40 மீட்டர் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. அதனைக் கடந்து, ஹீலியம் கலந்த வாயுவோடும், மேலேறுகையில் படிப்படியாக நின்று வரும் கட்டாயத்தோடும் மூழ்குவது 'தொழில்நுட்ப மூழ்கல்' எனப்படும்.

மீள்மூச்சுக் கருவி 'மூடிய சுற்று'. விட்ட மூச்சு ஒரு பையில் சேர்கிறது. அங்கிருந்து சோடா சுண்ணாம்புத் துகள் நிரம்பிய கலத்தின் வழியே செல்கையில் கரியமில வாயு அகற்றப்படுகிறது. உடல் செலவிட்ட அளவு ஆக்சிஜன் மட்டும் ஒரு சிறு உருளையிலிருந்து சேர்க்கப்படுகிறது. மற்றோர் உருளையில் ஆக்சிஜனை மட்டுப்படுத்தும் கலவைவாயு இருக்கும். ஆழம் எதுவாயினும் உடல் செலவிடும் ஆக்சிஜன் நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு லிட்டரே. ஆதலின் இரண்டு சிறு உருளைகளைக் கொண்டு மணிக்கணக்கில் நீருக்குள் இருக்கலாம். அறுவை அரங்கில் மயக்க மருத்துவர் பயன்படுத்தும் சுற்றிலும் இதே சோடா சுண்ணாம்பே கரியமில வாயுவை அகற்றுகிறது என்பதை மாணவர்கள் அறிதல் நன்று.

இத்தத்துவம் புதியதன்று. ஹென்றி ஃப்ளூஸ் என்னும் ஆங்கிலேயர் 1870களின் இறுதியில் இத்தகைய கருவியை உருவாக்கினார். 1880இல் வெள்ளம் புகுந்த செவெர்ன் சுரங்கத்தினுள் அலெக்சாண்டர் லாம்பர்ட் என்னும் மூழ்குநர் அதனை அணிந்து சென்று, இருளில் வழிதடவி, திறந்து கிடந்த கதவை மூடி வந்தார். அக்கருவியில் தூய ஆக்சிஜனே நிரப்பப்பட்டது. தூய ஆக்சிஜன் அழுத்தம் மிகுந்தால் நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும் என்பதை பால் பேர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1878இல் எழுதியிருந்தார். ஏறத்தாழ 6 மீட்டருக்குக் கீழே அது அபாயமே. கூஸ்தோவே தம் இளமையில் ஆக்சிஜன் கருவியால் இருமுறை வலிப்புக்கு உள்ளாகித் தப்பியவர்.

எதிர்ப்போர் கூறுவன

மீள்மூச்சுக் கருவியை ஐயுறுவோரின் முதன்மையான வாதம் இது: திறந்த சுற்றுக் கருவி பழுதுற்றால் உடனே தெரிந்துவிடும். காற்று வரவில்லை என்றோ, காற்று பீறிடுகிறது என்றோ மூழ்குநர் அறிவார். மீள்மூச்சுக் கருவி பழுதுற்றாலோ, மூச்சு வந்துகொண்டே இருக்கும். அம்மூச்சு உயிர் காக்கும் மூச்சா என்பது மட்டும் தெரியாது.

இதில் நேரும் கேடுகள் மூன்று. ஆக்சிஜன் குறைதல் முதலாவது. கரியமில வாயு அகற்றப்பட்டு விடுவதால் தவிப்பு எழுவதில்லை. நாம் முன்னர்க் கண்டவாறு, மணி அடிக்காமலே நினைவு போய்விடும். ஆக்சிஜன் மிகுதல் இரண்டாவது. இது வலிப்பில் முடியும், வாய்க்குழல் நழுவும். கரியமில வாயு பெருகுதல் மூன்றாவது. சோடா சுண்ணாம்பு ஆற்றல் இழந்தாலோ, கலத்தில் சரியாக நிரப்பப்படாவிட்டாலோ, மூழ்குநர் கடுமையாக உழைத்தாலோ இது நேரும். இதில் தவிப்பு உண்டு. ஆனால் அத்தவிப்பின் வேகத்தில் வாய்க்குழலை மாற்றும் அளவுக்குக்கூட மூச்சை நிறுத்த இயலாது போகும்.

ஆக்சிஜன் அளவைக் காட்ட உணரிகள் மூன்று பொருத்தப்படுகின்றன. ஒன்று மாறுபட்டால் மற்ற இரண்டின் கூற்றைக் கணினி ஏற்கும். ஒரே காலத்தில் வாங்கிய இரண்டு உணரிகள் ஒருசேர மூப்படைந்தால், பழுதான இரண்டும் சேர்ந்து பழுதில்லாத ஒன்றைப் பொய்யாக்கிவிடும். பெரும்பான்மை எப்போதும் உண்மையாவதில்லை என்பதற்கு நீருக்கடியிலும் சான்று உண்டு.

இவை ஏட்டளவில் நிற்பனவல்ல. 2005 சனவரியில் தென்னாப்பிரிக்காவின் பூஸ்மன்ஸ்காட் நீர்க்குகையில், பத்தாண்டுகளுக்கு முன் அங்கே மறைந்த இளைஞர் ஒருவரின் உடலை மீட்கச் சென்றார் டேவிட் ஷா. ஆஸ்திரேலிய நாட்டு விமானியான அவர் மீள்மூச்சுக் கருவியோடு ஏறத்தாழ 270 மீட்டர் ஆழத்தில் உழைக்கையில், கரியமில வாயு பெருகி உயிர்நீத்தார். அவர் தலையில் அணிந்திருந்த ஒளிப்படக் கருவி அவர்தம் மூச்சு விரைவுற்று வந்ததைப் பதிவு செய்திருந்தது. 2017 சனவரி 31 அன்று புளோரிடாக் கடலில், சுறாக்களைப் பற்றிய ஆவணப்படங்களால் புகழ்பெற்ற கனடா நாட்டு ராப் ஸ்டூவர்ட், ஒரே நாளில் மூன்றாம் முறையாக ஆழ்ந்து மூழ்கி நீர்மட்டத்திற்கு வந்த பின்னர், படகை அணுகுமுன் நீரில் மறைந்தார். மேலே வந்துவிட்டோம் என்பது மட்டும் காப்பாகாது என்பதை அவர் இறப்பு உணர்த்துகிறது.

ஆதரிப்போர் கூறுவன

மறுபுறத்தாரின் வாதமும் வலுவுடையதே. திறந்த சுற்றில் ஆழத்தில் ஒரு தவறு நேர்ந்தால், அதனைத் திருத்தக் கிடைப்பது சில நிமிடமே. மூடிய சுற்றிலோ நேரம் தாராளம். கருவி ஆழத்திற்கேற்ற ஆக்சிஜன் அளவை இடைவிடாது தருவதால், உடலில் கரையும் மற்ற வாயுக்களின் சுமை குறைகிறது. மேலேறுகையில் காத்திருக்கும் நேரமும் குறைகிறது. உள்ளிழுக்கும் மூச்சு வெதுவெதுப்பும் ஈரமும் உடையது. குமிழிகளின் ஓசையின்மையால் மீனினங்கள் அஞ்சி விலகுவதில்லை. கடலுயிர் ஆய்வாளர்க்கு இது பெரும்பேறு. இறந்தோர் தொகையை மட்டும் எண்ணிக் கருவியைப் பழித்தல் நேர்மையாகாது என்பதும் இவர்கள் கூற்று. மலைமுகட்டை நோக்கி ஏறுபவர்களே கயிற்றை மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர். அதனால் கயிறே மலைச்சாவுக்குக் காரணம் என்று கூறலாகுமா என்று இவர்கள் வினவுகின்றனர்.

கணக்கு காட்டும் உண்மை

இருதரப்பையும் எடைபோட ஆஸ்திரேலிய மருத்துவர் ஆண்ட்ரூ ஃபாக் 2013இல் வெளியிட்ட ஆய்வு நமக்குத் துணையாகிறது. 1998 முதல் 2010 வரை இக்கருவியோடு பொழுதுபோக்காக மூழ்கி இறந்தோர் 181 பேர் என்று அவர் கண்டார். இணைப்புள்ள இரட்டை உருளைத் திறந்த சுற்றோடு ஒப்பிட, மூடிய சுற்றின் பாகங்களில் பழுது நேரும் வாய்ப்பு 25 மடங்கு என்றும் கணக்கிட்டார். இது எதிர்ப்போர் பக்கம் சேரும். ஆனால் அச்சாவுகளுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அபாயம் மிகுந்த மூழ்கலோடோ அபாயமான நடத்தையோடோ தொடர்புடையவை என்றும் அவர் எழுதினார். இது ஆதரிப்போர் பக்கம் சேரும். கருவி சிக்கலானது என்பதால் பழுது நேரவே செய்யும். மாற்று மூச்சுக்கான தனி உருளையை உடன் கொண்டு சென்றால் அதனை ஈடுசெய்யலாம். மனிதனும் கருவியும் சந்திக்கும் இடத்தில் நேரும் பிழைகளைக் குறைக்க வேண்டும் என்பதே அவர்தம் முடிவின் சாரம்.

2012இல் அமெரிக்காவின் ஓர்லாண்டோ நகரில் கூடிய மூன்றாம் மீள்மூச்சுக் கருவி மாநாடும் எழுத்து வடிவிலான சரிபார்ப்புப் பட்டியலின் இன்றியமையாமையை வலியுறுத்தியது. நூறுமுறை மூழ்கியவரும் நூற்றோராம் முறை ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்த்தே நீரில் இறங்க வேண்டும். பழக்கம் மிகுந்தவர்க்கே பட்டியல் மிகவும் தேவை. ஏனெனில் அவரே அதனைத் தேவையில்லை என்று எண்ணுபவர்.

இன்னொரு சான்று நம் கருத்தைக் கவர்கிறது. பிரெஞ்சுப் படையின் மூழ்குநரிடையே 1979 முதல் 2009 வரை இக்கருவியால் நேர்ந்த 153 விபத்துகளை அந்நாட்டு மருத்துவர்கள் ஆராய்ந்தனர். நீருக்கடியில் நினைவிழந்தோர் அவர்களுள் பலர். எனினும் இறந்தோர் மிகச் சிலரே. வாய்க்குழல் நழுவாதபடி தலையோடு பிணைக்கும் பட்டையும், இருவரை ஒருவரோடொருவர் இணைக்கும் கயிறும் அங்கே கட்டாயமாக இருந்ததே இதற்குரிய காரணங்களாகக் கூறப்படுகின்றன. மன்னார் வளைகுடாத் தோணியில் மைத்துனன் பிடித்திருந்த கயிற்றைத்தான் நவீனப் படையும் இறுதியில் நம்பியிருக்கிறது!

நம் கரையில்

இவ்வாதம் நமக்கு எதற்கு என்று சிலர் கருதக்கூடும். பிச்சாவரத்துக் கால்வாய்கள் ஆழமற்றவை. அங்கே இக்கருவிக்கு வேலையில்லை. கொள்ளிடத்திற்குத் தெற்கே பூம்புகார்க் கடலில், தேசியக் கடலியல் நிறுவனத்தினர் 1990களின் தொடக்கத்தில் ஆராய்ந்த லாட வடிவ அமைப்பு ஏறத்தாழ 23 மீட்டர் ஆழத்தில் உள்ளது. அதன் காலமும் தன்மையும் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அவ்வாழத்திற்குத் திறந்த சுற்றே போதுமானது. எளிய கருவி போதுமான இடத்தில் சிக்கலான கருவியை நாடாமையும் பாதுகாப்பின் ஒரு கூறே.

ஆனால் நம் கடலில் வேறொரு மூச்சுக் கருவி இயங்குகிறது. மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்போர் சிலர், படகில் வைத்த கம்ப்ரசரிலிருந்து நீண்ட குழாய் வழியே வரும் காற்றை உள்ளிழுத்து மூழ்குகின்றனர். மூச்சடக்கி ஒரு நிமிடம் நின்ற தந்தையின் இடத்தில், மகன் நெடுநேரம் நிற்கிறான். காற்று வருவதால் அபாயம் இல்லை என்று தோன்றும். அழுத்தத்தில் நெடுநேரம் தங்கிய உடலில் நைட்ரஜன் கரைந்து சேர்கிறது. விரைந்து மேலேறினால் அது குமிழிகளாகி மூட்டுவலியும், சிலவேளை கைகால் முடக்கமும், மரணமும் விளைவிக்கும். எந்திரத்தின் புகை உள்வாங்கும் காற்றில் கலக்குமாயின், கரிமோனாக்சைடு நஞ்சும் மணமின்றிச் சேரும். இவற்றுக்கும் உடல் முன்னெச்சரிக்கை தருவதில்லை. குமிழி நோய்க்கு உரிய மருத்துவம் அழுத்த அறை. அது கடற்படை மருத்துவமனைகள் போன்ற சிலவிடங்களிலேயே உண்டு. விலையுயர்ந்த மீள்மூச்சுக் கருவிக்கும் இவ்வேழைக் கம்ப்ரசருக்கும் விலையில் மலையளவு வேற்றுமை. கேட்டின் தன்மையிலோ ஒற்றுமையே மிகுதி. இரண்டும் 'மூச்சு வருகிறது' என்னும் நம்பிக்கையைத் தந்து ஏமாற்றவல்லவை. ஆழம், நேரம், மெல்ல ஏறுதல் ஆகியவை பற்றிய பயிற்சியும், புகை அண்டாத காற்றும், மேலே விழித்திருக்கும் ஒருவரும் சங்கு குளிக்கும் தொழிலாளிக்கும் கிடைத்தாக வேண்டும்.

மூடிய சுற்றின் தத்துவம் நம் நாட்டில் மேலும் பெரிய பணிக்கும் வந்துவிட்டது. சென்னையிலுள்ள தேசியக் கடல்தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியுள்ள 'மத்ஸ்யா 6000' என்னும் நீர்மூழ்கு கலம் மூவரை ஏற்றிச் செல்லும் அமைப்புடையது. 2025இல் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதன் நீர்ச்சோதனைகள் நடைபெற்றன. கலத்தினுள் ஆக்சிஜனைச் சேர்ப்பதும் கரியமில வாயுவை அகற்றுவதும் நாம் கண்ட அதே முறைதான். 12 மணிநேரப் பணிக்கென்று அமைந்த அக்கலத்தில், நெருக்கடிக்கென 96 மணிநேர உயிர்காப்பு ஏற்பாடும் உண்டு. பணிக்குத் தேவையானதைப் போல எட்டு மடங்கு நேரத்தைக் காப்புக்கென ஒதுக்கியிருப்பதை நோக்குக! மாற்று மூச்சின்றி ஆழம் நாடலாகாது என்னும் பாடம் அங்கே கட்டமைப்பிலேயே பதிந்துள்ளது.

முடிவாக

மீள்மூச்சுக் கருவி பாதுகாப்பானதா என்னும் வினாவுக்கு, ஆம் என்றோ இல்லை என்றோ ஒற்றைச் சொல்லில் விடை கூறுதல் பொருந்தாது. எந்த ஆழத்திற்கு, எப்பணிக்கு, எத்தகைய பயிற்சியுடையவர் கையில் என்று கேட்பதே முறை. அது உடலின் எச்சரிக்கை மணியை நிறுத்திவிடும் கருவி. நிறுத்திய மணிக்கு ஈடாக நாம் மூன்றை வைத்தாக வேண்டும்: ஒவ்வொரு முறையும் படித்துச் சரிபார்க்கும் பட்டியல், தனியே சுமந்து செல்லும் மாற்று மூச்சு, கண்ணிமைக்காத துணையாளர். இம்மூன்றும் உள்ளவரிடம் அக்கருவி நற்றுணை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அதுவே பகை.

பிச்சாவரத்து வெண்கண்டல் நீர் வடியும் வேளையறிந்து மூச்சை வாங்கிக் கொள்கிறது. தன் எல்லையை அது மீறுவதில்லை. கடல்சார் கல்வியும் கடல் விளையாட்டும் நம் இளைஞரை ஈர்க்கும் இக்காலத்தில், அவர்கள் கருவியை இயக்கக் கற்பதோடு, தம் உடல் எதனை உணராது என்பதையும் கற்க வேண்டும். கடற்றொழில் அறிந்த பெரியோர், கயிறு பிடித்து நின்ற அந்நாளைய ஒழுங்கை அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். ஆழம் செல்லும் துணிவு போற்றத்தக்கது. மீண்டு வரும் ஒழுங்கு அதனினும் போற்றத்தக்கது.